டர்பனிலிருந்து மலாவிக்குச் சைக்கிளில்

கேள்வி: டர்பனிலிருந்து மொசாம்பிக் வழியாக மலாவி வரை தனியே சைக்கிளில் செல்ல விரும்புகிறேன். கையில் பணம் குறைவு. எப்போது புறப்படலாம், எதில் சிக்கனம் செய்யலாம்? – வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: மழையும் புயலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மொசாம்பிக்கை அலைக்கழிப்பதால், மே மாதத்துக்குப் பின் புறப்படுவதே நல்லது. டர்பனை அடுத்த என்2 விரைவுச்சாலையில் சைக்கிளுக்கு அனுமதியில்லை. டொங்காட், ஸ்டாங்கர் வழியே செல்லும் ஆர்102 சாலையைப் பிடித்து, ஹ்லுஹ்லுவேயிலிருந்து ஆர்22 வழியாகக் கோசி பே எல்லையை அடையலாம். தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டுக்கு மொசாம்பிக்கில் 30 நாள் வரை விசா தேவையில்லை என்பதால் அந்தச் செலவு மிச்சம்.

தங்கும் செலவைக் குறைக்க, ஊர்த் தலைவரிடம் முறையாக அனுமதி கேட்டுக் கூடாரம் அடியுங்கள். உணவுக்கு ரொட்டி, பயறு, மரவள்ளி போதும். நம் வீட்டுச் சமையலை எதிர்பார்த்தால் ஏமாற்றமே. ஆனால் மலேரியா மாத்திரையில் சிக்கனம் கூடவே கூடாது. மருத்துவரிடம் கேட்டு, புறப்படும் முன்பே தொடங்க வேண்டும்.

விலையுயர்ந்த சைக்கிளும் வேண்டாம். 26 அங்குலச் சக்கரமுள்ள பழைய இரும்புச் சட்டச் சைக்கிள் உடைந்தால் சிற்றூர்ப் பட்டறையிலும் பற்றவைத்துத் தருவார்கள். பாரம் ஏற்றினால் பின்சக்கரத்தில், சங்கிலிப் பக்கத்து ஆரக்கம்பிகளே பெரும்பாலும் முதலில் அறும். அவற்றை மாற்றப் பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருப்பதால், உதிரிக் கம்பிகளோடு அதைக் கழற்றும் கருவியையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.