கிம்ஹே ராணியைச் "செம்பவளம்" ஆக்க வேண்டாம், தம்பி

தம்பி, பூசானுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது, கொரிய மொழி வகுப்பில் ஒரு பழங்கதையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள் என்கிறீர்கள். "தமிழ் இளவரசி செம்பவளம் கொரிய ராஜாவைக் கட்டிக்கிட்ட கதையைச் சொல்லலாமா? இல்லையென்றால் வேறு எதைப் படிக்கட்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே துவரம்பருப்பு எங்கே மலிவு, குளிருக்கு எந்த ஜாக்கெட், அறை வாடகை எவ்வளவு என்றும். பருப்புக்கும் ஜாக்கெட்டுக்கும் பதில் சொல்ல நூறு பேர் வருவார்கள். கதையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். புதிதாக வருகிற நம்மவர்கள் முதலில் சறுக்குகிற இடம் அதுதான். முன்னே வந்த எங்களுக்கு அதைச் சொல்லித்தர ஆளில்லை.

முதலில், கதை எங்கே எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். இல்யோன் என்ற பௌத்தத் துறவி 1280களில் தொகுத்த 'சம்குக் யுசா' என்ற பழங்கதைத் தொகுப்பில் இருக்கிறது. அவரும் 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட கரக், அதாவது கயா நாட்டு வரலாற்றைச் சுருக்கித்தான் தந்திருக்கிறார். நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஆண்டு கி.பி. 48. இடைவெளி ஆயிரம் வருடம். கயா நாட்டு அரசர் கிம் சுரோ. அதிகாரிகள் பெண் பார்க்கலாம் என்கிறார்கள். என்னை அனுப்பிய வானமே எனக்குப் பெண்ணையும் அனுப்பும் என்று அவர் மறுக்கிறார். தென்மேற்குக் கடலிலிருந்து சிவப்புப் பாய் கட்டி, சிவப்புக் கொடி பறக்க ஒரு கப்பல் வருகிறது. கரையில் இறங்கியவள் முதலில் தன் பட்டுக் கால்சட்டையைக் கழற்றி மலைத் தெய்வத்துக்குக் காணிக்கையாக வைக்கிறாள். பிறகுதான் அரசரிடம் தன்னைச் சொல்கிறாள்: "நான் அயுதா நாட்டு இளவரசி. குடும்பப் பெயர் ஹோ, பெயர் ஹ்வாங்ஓக், வயது பதினாறு."

மூல நூலில் இருப்பது இவ்வளவுதான். அயுதா எது என்று அதில் விளக்கம் கிடையாது. அயோத்தி என்று கொண்டு 2001இல் அங்கே நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். நம்மவர்கள் பாண்டிய நாடு, குமரிமுனை என்கிறார்கள். எதற்கும் முடிவான சான்று இல்லை. "செம்பவளம்" கொரிய நூல் எதிலும் கிடையாது. அது நாம் அண்மையில் சூட்டிய பெயர். ஹ்வாங் என்றால் மஞ்சள், ஓக் என்றால் ஜேட் கல். மஞ்சள் கல்லைச் சிவந்த பவளமாக மொழிபெயர்த்து வகுப்பில் சொன்னால், சீன எழுத்து தெரிந்த முதல் மாணவரே கையைத் தூக்கிவிடுவார்.

இரட்டை மீன் சின்னம் அடுத்தது. பூசானுக்குப் பக்கத்திலுள்ள கிம்ஹேயில் சுரோ அரசரின் கல்லறை வாசல் மேல் இரண்டு மீன்கள் எதிரெதிராகத் தீட்டியிருக்கும். பாண்டியக் கொடி என்று படமெடுத்துப் போடாத தமிழர் குறைவு. அந்த வாசல் ஜோசொன் அரசமரபு காலத்துக் (1392–1910) கட்டடம். சுரோவுக்கு ஆயிரத்து முந்நூறு வருடத்துக்குக் குறையாமல் பிந்தியது. மூன்றாவது, சொல் ஒற்றுமைப் பட்டியல். அம்மாவுக்கு ஒம்மா, அப்பாவுக்கு அப்பா, நாளுக்கு நால், புல்லுக்கு புல். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. கொரியாவில் வாழ்ந்த அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட் 1905இலேயே கொரிய, திராவிட மொழிகளின் இலக்கணத்தை ஒப்பிட்டு ஒரு புத்தகமே எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. அம்மா, அப்பா போன்ற மழலைச் சொற்கள் தொடர்பே இல்லாத பல மொழிகளிலும் ஒத்திருக்கும். பத்து வருடம் இங்கே இருந்தும் அண்டை வீட்டுப் பாட்டியிடம் நான்கு வாக்கியம் பேசத் தெரியாதவர்கள்தான் இந்தப் பட்டியலை அதிகம் அனுப்புகிறார்கள் என்பது என் வருத்தம்.

இதில் இவ்வளவு கவனம் ஏன் என்றால், ஹோ ராணி இங்கே பலருக்கு வீட்டுப் பாட்டி. கிம்ஹே கிம் குலத்தில் மட்டும் 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ராணிக்குப் பத்து மகன்கள், இருவருக்குத் தாயின் குடும்பப் பெயர் கிடைத்தது என்பது மரபு. அதனால் கிம்ஹே கிம்மும் கிம்ஹே ஹோவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று நெடுங்காலம் தங்களுக்குள் மணம் முடிக்காமல் இருந்தார்கள். வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் சுரோ கல்லறையில் முன்னோர் வழிபாடு நடக்கிறது. அப்படிப்பட்டவரிடம் போய் உங்கள் பாட்டி எங்கள் ஊர்க்காரி என்று தொடங்கினால் சிரித்துத் தலையாட்டுவார். அதை ஒப்புதல் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

அந்தக் கதையைத்தான் சொல்லவேண்டும் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள், முறையாக. தொடக்கத்தில் "சம்குக் யுசாஏ தாருமியோன்", அதாவது சம்குக் யுசாவின்படி. கதை ஓடும்போது வினைமுற்றைத் "தேயோ" என்று முடியுங்கள். நம் "-ஆம்" போல, கேட்டதைச் சொல்கிறேன் என்று பொருள். வந்தாளாம், சொன்னாளாம். இந்த ஒரு விகுதி உங்களைக் காப்பாற்றும். கடைசியில், அயுதா எங்கள் பக்கமாக இருக்கலாம் என்று எங்கள் ஊரில் நம்புகிறவர்களும் உண்டு என்று ஒரே வரி. அதற்கு மேல் போகாதீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் தான்குன் கதையை எடுப்பேன். வானவன் மகன் ஹ்வானுங் 3000 பேரோடு ஒரு புனித மரத்தடியில் இறங்குகிறார். ஒரே குகையில் இருந்த கரடியும் புலியும் மனிதராக வேண்டும் என்று வேண்டுகின்றன. ஒரு கட்டு சுக் கீரை, 20 பல் பூண்டு, 100 நாள் வெயில் படக்கூடாது. புலியால் பொறுக்க முடியவில்லை. கரடி பெண்ணானாள்; அவள் மகன் தான்குன், கி.மு. 2333இல் நாட்டை நிறுவியதாகக் கணக்கு. அக்டோபர் 3 அரசு விடுமுறை அதற்காகத்தான். சொல்லும்போது எல்லோரும் செய்கிற தவறு, கரடி 100 நாள் இருந்தது என்பது. விதித்தது 100, ஆனால் 21ஆம் நாளே பெண்ணாகிவிட்டாள். சுக் என்பது மாசிபத்திரி வகை. வசந்தத்தில் சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும், சூப்பிலும் அரிசிக் கேக்கிலும் போடுவார்கள். சாப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கதை சொல்லுங்கள்.

அந்த 21, 100 இரண்டு எண்ணையும் பிடித்துக்கொள்ளுங்கள், பிழைப்புக்கே உதவும். குழந்தை பிறந்தால் 21 நாள் வெளியார் உள்ளே போகக்கூடாது. முன்பு வாசலில் இடப்பக்கம் முறுக்கிய வைக்கோல் கயிறு கட்டினார்கள். ஆணென்றால் சிவப்பு மிளகாயும் கரியும், பெண்ணென்றால் கரியும் பைன் கொத்தும். இன்று அடுக்குமாடியில் கயிறு இல்லை, ஆனால் தயக்கம் அப்படியே இருக்கிறது. உங்கள் ஆய்வகத்து அண்ணனுக்குக் குழந்தை பிறந்தது என்று மறுநாளே பழத்தோடு கிளம்பாதீர்கள், கூப்பிடட்டும். 100ஆம் நாள் விருந்தில் வெள்ளை அரிசிக் கேக் பங்கிடுவார்கள், அதற்கு அழைத்தால் கட்டாயம் போங்கள். குழந்தையின் பின்புறத்தில் நீலத் தழும்பு இருந்தால் அடிபட்டது என்று பதறவேண்டாம். பிள்ளைப்பேற்றுத் தெய்வமான சம்ஷின் பாட்டி, சீக்கிரம் வெளியே போ என்று தட்டிய இடம் என்பார்கள். அந்தப் பாட்டிக்குப் படைக்கிற கடற்பாசிச் சூப்தான் மியோக்குக். பிள்ளை பெற்றவள் குடிப்பது, பிறகு பிறந்தநாள்தோறும் எல்லோரும் குடிப்பது. தேர்வு நாளில் மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். வழுக்கிவிடும் என்று தொடமாட்டார்கள்.

அறை மாறுவீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். "சோன்" என்று ஒரு கெட்ட விருந்தாளி தெய்வம் திசை திசையாகச் சுற்றும். சந்திர மாதத் தேதி 1, 2இல் முடிந்தால் கிழக்கு, 3, 4 தெற்கு, 5, 6 மேற்கு, 7, 8 வடக்கு. 9, 10 ஆகிய நாட்களில் வானத்துக்குப் போய்விடும். நம் வாரசூலை கிழமையைப் பார்க்கும், இது தேதியைப் பார்க்கும். அதனால் சந்திரக் கணக்கில் 9, 10, 19, 20, 29, 30 ஆகிய நாட்களில் ஊரே வீடு மாறும். லாரிக்காரர்கள் கூடுதல் கேட்பார்கள். கைப்பேசி நாட்காட்டியில் சந்திரத் தேதியைக் காட்டவைத்து, அந்த நாட்களைத் தவிர்த்துப் பதிவு செய்யுங்கள். ஜேஜு தீவில் கணக்கு வேறு. ஜனவரிக் கடைசியில் ஏறத்தாழ ஒரு வாரம் 18,000 தெய்வங்களும் மேலே போய்விடும், அந்த வாரம்தான் வீடு மாற்ற என்பது அங்கே மரபு. 

மொழிபெயர்ப்பில் ஒரு பொறி இருக்கிறது: தோக்கேபி. பேய் என்று எழுதிவிடாதீர்கள். செத்தவர் ஆவிக்கு இங்கே க்விஷின் என்று தனிச் சொல். தோக்கேபி மனித ரத்தம் பட்ட பழைய விளக்குமாறு மாதிரியான புழங்கு பொருளிலிருந்து பிறப்பது. குஸ்திக்கு இழுக்கும். மெமில்முக் என்கிற பாப்பரைக் (பக்வீட்) களி என்றால் உயிர். கடன் வாங்கினால் திருப்பித் தந்ததை மறந்து தினமும் தந்துகொண்டே இருக்கும். அப்படிப் பணக்காரனான ஒருவன் நிலம் வாங்கினான். ஏமாந்தது தெரிந்து தோக்கேபி வயல் முழுக்கக் கல்லைக் கொட்டியது. "நல்லவேளை, சாணியைக் கொட்டியிருந்தால் பயிரே போயிருக்கும்" என்றான் அவன். மறுநாள் கல்லெல்லாம் போய் வயல் முழுக்கச் சாணி. தெனாலிராமன் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிக்கும். படம் காட்டுவதாக இருந்தால் ஒற்றைக் கொம்பு, முள் தடி உள்ள படத்தை எடுக்காதீர்கள். அது ஓனி என்ற ஜப்பானியப் பூதத்தின் உருவம், காலனி ஆட்சிக்காலப் பாடப்புத்தகங்கள் வழியாக ஒட்டிக்கொண்டது என்று இங்குள்ள ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள்.

படிக்க எது என்றால், ஊர் நூலகத்தில் குழந்தைகள் பிரிவுக்குப் போய் "ஜொல்லே தோங்ஹ்வா" (வழிவழியாக வந்த சிறுவர் கதைகள்) எங்கே என்று கேளுங்கள். ஒரு கதைக்கு முப்பது, நாற்பது பக்கம், பெரிய எழுத்து. சூரியனும் சந்திரனும் ஆன அண்ணன் தங்கை கதையை முதலில் எடுங்கள். "ஒரு தொக் (அரிசிக் கேக்) கொடுத்தால் தின்னமாட்டேன்" என்று புலி அம்மாவை மறிக்கும் வரியை அலுவலகத்தில் கிண்டலாகத் தினமும் கேட்பீர்கள். முடிவில் வானத்திலிருந்து புலிக்கு வரும் உளுத்த கயிறும் அப்படியே. தவறான ஆளை நம்பி ஏறியவனைப் பார்த்து, உளுத்த கயிற்றைப் பிடித்துவிட்டான் என்பார்கள். இன்னொரு கதையிலிருந்து வந்த கிண்டல்: சொன்னதற்கு நேர்மாறாகச் செய்கிறவன் பச்சைத் தவளை. அம்மாவை ஓடைக்கரையில் புதைத்துவிட்டு மழைக்கெல்லாம் அழுகிற தவளை அது.

ஆனால் படப்புத்தகம் நிறையக் கழுவிவிட்டது. வாய்மொழியில் தொக் தீர்ந்ததும் புலி அம்மாவின் கையைக் கேட்கும், பிறகு காலை. கோங்ஜ்வி பாத்ஜ்வி கதையில், சிற்றன்னை மகளை உப்பில் ஊறுகாய் போட்டு அவள் அம்மாவுக்கே அனுப்புவார்கள். கதை சொல்லும் பெரியவர்களிடமிருந்து அப்படியே பதிவுசெய்த தொகுப்பு ஒன்று கொரியவியல் நிறுவனம் 1980இலிருந்து 1988 வரை வெளியிட்டது, 82 புத்தகங்கள். மாவட்டவாரியாக இருக்கும், வட்டார வழக்கு மாறாமல். பூசான் பக்கத்துக் கியோங்சாங் பேச்சு காதில் ஏறிய பிறகு அதைத் தொடுங்கள், இப்போது ஒரு பக்கமும் நகராது.

என் மனத்தில் எப்போதும் நிற்பது பாரி கோங்ஜு. ஆண் பிள்ளை வேண்டிய ராஜாவுக்கு ஏழாவதும் பெண்; தூக்கி எறிந்துவிட்டார்கள். பாரி என்ற பெயருக்கே எறியப்பட்டவள் என்று பொருள் சொல்கிறார்கள். பெற்றவர் சாகக் கிடந்தபோது மறு உலகத்து மருந்துத் தண்ணீர் கொண்டுவர ஆறு அக்காக்களும் மறுக்க, இவள்தான் போனாள். அங்கே காவலனுக்கு மூன்று வருடம் தண்ணீர் சுமந்து, மூன்று வருடம் நெருப்பு மூட்டி, மூன்று வருடம் விறகு வெட்டி, ஏழு பிள்ளையும் பெற்றுக் கொடுத்த பிறகு தண்ணீர் கிடைத்தது. பெற்றவரைப் பிழைக்கவைத்தாள். பாதி நாடு தருகிறேன் என்றார் அப்பா. வேண்டாம் என்று, செத்தவர்களுக்கு வழிகாட்டப் போய்விட்டாள். சடங்கு நடத்தும் மூதாங் பெண்களுக்கு அவள்தான் ஆதித்தாய்.

அந்தக் கதையைப் புத்தகத்தில் படிப்பதைவிட, இறந்தவருக்காக நடத்தும் குத் சடங்கில் பாடக் கேட்கவேண்டும். சியோல் பக்கம் ஜினோகி குத், உங்கள் கிழக்குக் கரையில் ஓகு குத். மணிக்கணக்கில் போகும். ஒரு வீட்டின் துக்கம் அது, அதனால் கேட்காமல் கைப்பேசியை உயர்த்தாதீர்கள். பின்னால் தரையில் உட்காருங்கள். முடிந்ததும் படையலில் இருந்து பழமோ தொக்கோ கையில் வைத்தால், இரண்டு கையாலும் வாங்கி அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள்.