கொம்பு கிடைக்காத வசந்தம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து மேற்குப் பகுதியில், மான்கள் உதிர்த்த கொம்பு தேடி இந்த மே மாதம் (2023) ஒன்பது நாள் நடந்தேன். கிடைத்தது மூன்று மான் கொம்பு, எல்க் என்கிற பெரிய மான் வகையின் கொம்பு ஒன்று. அதே சரிவுகளில் முந்தைய வருஷங்களில் முப்பதுக்குக் குறைந்து நான் திரும்பியதில்லை. பதினான்கு வருஷமாக உதிர்ந்த கொம்பு தேடிப் போகிறவன் என்பதால் பலரும் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். நான் இருப்பது பக்கத்து மாநிலமான யூட்டாவின் சால்ட் லேக் சிட்டி. நடப்பது பெரும்பாலும் வயோமிங்கில் லபார்ஜ், கெம்மரர் பக்கத்துப் பொது நிலங்களில். அங்கே பார்த்ததை வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி (டென்வர்): அண்ணா, மூன்று நாள் அலைந்து ஒரே ஒரு பழைய வெள்ளைக் கொம்புதான் கிடைத்தது. எங்களுக்கு இடம் தெரியவில்லையா, இல்லை எல்லாருக்குமே இப்படித்தானா?

நீங்கள் போனது சரியான இடம்தான். அங்கே இருந்திருக்க வேண்டிய மான்தான் இல்லை.

போன நவம்பரிலேயே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. அப்புறம் மேற்பனி உருகி உறைந்து பாளம் பாளமாக இறுகியது. மியூல் டியர் (நான் வெறுமனே மான் என்று சொல்வது இதைத்தான்) குளிர்காலத்தில் தின்பது சேஜ் புதர், பிட்டர்பிரஷ் மாதிரியான குச்சித் தழைகள். அவை பனிக்கு அடியில் போய்விட்டன. வழக்கமாக மார்ச்சில் தெற்குச் சரிவுகளில் மண் தெரியும். இந்த வருஷம் ஏப்ரல் பாதி வரை பல இடங்களில் தெரியவில்லை. கோடையில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துத்தான் மான் குளிர்காலத்தைத் தாண்டுகிறது. கொழுப்பு தீர்ந்த பிறகும் ஒரு மாதம் பனி நின்றால் அதனால் தாங்க முடியாது. வயோமிங் ரேஞ்ச் என்ற மலைத்தொடரின் மான் கூட்டத்தில் ஆராய்ச்சியாளர்கள் ரேடியோ பட்டை மாட்டியிருந்த குட்டிகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. பட்டை மாட்டிய பெட்டை மான்களில் பாதிக்கு மேல் போய்விட்டன.

ஆண் மானின் நிலை இன்னும் மோசம். நவம்பரில் இணைசேரும் பருவத்தில் அது தீனியை மறந்து பெட்டைகளின் பின்னால் அலைகிறது. குளிர்காலத்துக்குள் நுழையும்போதே வயிறு ஒட்டித்தான் இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. தப்பித்த மான்களும் வழக்கமான இடத்தில் தங்கவில்லை. பனி துரத்தியதில் இன்னும் கீழே, நெடுஞ்சாலை ஓரம், பண்ணைகளின் வைக்கோல் (காய்ந்த தீவனப் புல்) அடுக்குப் பக்கம் என்று இறங்கிவிட்டன. கொம்பும் அங்கேதான் விழுந்தது. நான் மனப்பாடமாக வைத்திருந்த ஓடைகளில் புதுப் புழுக்கைகூட இல்லை. ஒரு நாள் முழுக்க நடந்து ஒரு புழுக்கைக் குவியலைப் பார்த்து சந்தோஷப்பட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்க் விஷயம் வேறு. வயோமிங்கில் எல்க்குக்கு மாநிலமே வைக்கோல் போடும் தீவனத் தளங்கள் இருபதுக்கும் மேல் இருக்கின்றன. அங்கே கூடியவற்றில் பெரும்பாலானவை தப்பித்தன. அவற்றின் கொம்பும் அந்தத் தளங்களைச் சுற்றியே விழுந்ததால், மேலே மலையில் தேடியவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி (சான் ஹோசே): தம்பி, எல்க்குக்கு வைக்கோல் போடுகிறவர்கள் மானுக்கும் போட்டிருக்கலாமே? பசியில் சாகிற உயிருக்குத் தீனி போடாமல் இருந்தது பாவம் இல்லையா?

அம்மா, மார்ச்சில் எனக்கும் அதே எண்ணம்தான். ஒரு மூட்டை மக்காச்சோளம் வாங்கி வண்டியில் ஏற்றியே விட்டேன். அப்புறம் விஷயம் தெரிந்த ஒருவர் தடுத்தார்.

மான் அசைபோடும் விலங்கு. அதன் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் தீனியைச் செரிக்கின்றன. குளிர்காலத்தில் அவை குச்சித் தழைக்குப் பழகியிருக்கும். திடீரென்று சோளம் போனால் வயிற்றில் அமிலம் ஏறி மான் செத்துவிடும். வைக்கோலைச் செரிக்கவும் அந்த நுண்ணுயிர்களால் முடியாது. வயிறு நிறைய வைக்கோலோடு பட்டினியில் செத்த மான்களை அறுத்துப் பார்த்தவர்கள் உண்டு. எல்க் புல் மேயும் பழக்கம் அதிகம் உள்ளது, அதனால் வைக்கோல் ஒத்துக்கொள்கிறது. மான்கள் ஒரே இடத்தில் நெருங்கி நின்றால் நோய் பரவும் என்ற பயமும் இருக்கிறது. மூட்டையைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கேள்வி (டாலஸ்): அடிப்படைக் கேள்வி சார். மாட்டுக் கொம்பு விழுவதில்லை, மான் கொம்பு மட்டும் ஏன் விழுகிறது? மானுக்கு வலிக்குமா?

தமிழில் இரண்டையும் கொம்பு என்றுதான் சொல்கிறோம், ஆனால் பொருள் வேறு. மாட்டுக் கொம்பு உள்ளே எலும்பும் மேலே நகம் மாதிரியான உறையும் சேர்ந்தது. ஆயுசு முழுக்க வளரும். மான் கொம்பு முழுக்க எலும்பு. வசந்தத்தில் முளைத்து, வெல்வெட் மாதிரியான தோலுக்குள் கோடை முழுவதும் வளர்கிறது. பெரிய எல்க்குக்கு ஒரு நாளைக்கு ஒரு அங்குலம் வரைகூட ஏறும். கோடைக் கடைசியில் தோல் உரிந்து கொம்பு இறுகுகிறது.

இணைசேரும் பருவம் முடிந்து ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இறங்கியதும், கொம்பு மண்டையில் ஒட்டியிருக்கும் இடத்து எலும்பை உடம்பின் செல்களே அரிக்கத் தொடங்குகின்றன. பிடிப்பு விட்டதும் விழுந்துவிடும். கொஞ்சம் ரத்தம் கசியும், பொருக்கு கட்டும், ஆறும். நமக்குப் பால்பல் விழுவதுபோல என்று என் மகளுக்குச் சொல்லியிருக்கிறேன். மியூல் டியருக்கு ஜனவரி முதல் மார்ச் வரை, எல்க்குக்கு மார்ச், ஏப்ரல். உடம்பு நலிந்த மான் சீக்கிரமே உதிர்த்துவிடும்.

கேள்வி (ப்ரோவோ): யூட்டாவில் பிப்ரவரியிலேயே எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். தரையில் கிடக்கிற எலும்பைப் பொறுக்க என்ன தடை? யாரையும் சுடவா போகிறோம்?

உங்கள் கோபம் புரிகிறது. பிப்ரவரி தொடக்கம் முதல் ஏப்ரல் முடிய, பொது நிலம் தனியார் நிலம் என்று பார்க்காமல் மாநிலம் முழுக்க மூடியது எனக்கும் முதலில் அதிர்ச்சிதான். அதற்கு முந்தைய வருஷங்களில் இணையத்தில் இலவசமாக இருந்த நெறிமுறைப் பாடத்தை முடித்தால் போதும், பிப்ரவரியிலேயே போக முடிந்தது.

ஆனால் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2011 பிப்ரவரியில் ஒரு சரிவில் பதினொரு மான் படுத்திருந்தன. அவற்றுக்கு மேலே ஒரு கொம்பு கிடப்பது பைனாகுலரில் தெரிந்தது. ஏறினேன். மான்கள் எழுந்து மார்பளவு பனியில் பாய்ந்து பாய்ந்து ஓடின. கடைசியாகப் போன குட்டி நடுவில் நின்றுவிட்டது. வாய் திறந்து மூச்சு வாங்கியது, விலா எலும்பு ஒவ்வொன்றும் ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. நான் அங்கிருந்து போகும் வரை அது நகரவே இல்லை. அந்தக் கொம்பு இன்னும் என் வீட்டில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குட்டிதான் நினைவுக்கு வருகிறது.

குளிர்காலக் கடைசியில் மானிடம் மிச்சம் இருப்பது சொற்பம். ஒரு ஓட்டத்தில் அது செலவழிக்கும் கொழுப்பைத் திரும்பச் சேர்க்க அந்தப் பருவத்தில் வழியே இல்லை. வயிற்றில் குட்டி வேறு இருக்கும். ஒரு ஆள் ஒரு முறை துரத்தினால் தாங்கலாம். அதே சரிவுக்கு வாரம் இருபது பேர் வந்தால்? கொலராடோவில் 2018 முதல், ஐ-25 நெடுஞ்சாலைக்கு மேற்கே பொது நிலங்களில் ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை கொம்பு எடுக்கக்கூடாது. மேற்கு வயோமிங்கிலும் மே 1 காலை 6 மணிக்கு முன் எடுக்க முடியாது. இந்தத் தடைகளை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். என் கணக்கில் இன்னும் இரண்டு வாரம் தள்ளினாலும் சரி.

கேள்வி (போய்சி): அண்ணா, புதிதாகத் தொடங்குகிறேன். எங்கே, எப்படித் தேடுவது?

முழுக் கொம்பைத் தேடாதீர்கள். ஒரு முனை, ஒரு வளைவு, புல்லுக்கு நடுவில் பொருந்தாத ஒரு பழுப்பு, அவ்வளவுதான் கண்ணில் படும். நல்ல வெயிலைவிட மேகமூட்டமான நாள் மேல். மழை நின்ற அரை மணி நேரம் இன்னும் நல்லது, நனைந்த கொம்பு கறுத்துப் பளிச்சென்று தெரியும். போன வழியிலேயே திரும்பி வந்து மறுபக்கமிருந்தும் பாருங்கள்.

தெற்கு பார்த்த சரிவில் ஜூனிபர் மரத்தடிகளைப் பாருங்கள், மான் படுக்கும் குழி இருக்கும். அப்புறம் கம்பி வேலிகள். தாவிக் குதிக்கும் அதிர்ச்சியில் கொம்பு விழும். மான் தடம் வேலியைக் கடக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் ஐம்பது அடி பாருங்கள். பெரிய ஆண் எல்க் பெட்டைக் கூட்டத்தோடு இருக்காது. நாலைந்து ஆணாகச் சேர்ந்து, காற்றில் பனி பறந்துபோன உயரமான மேடுகளில் நிற்கும். ஒரு பக்கக் கொம்பு கிடைத்தால் ஜோடி பத்தடியில் கிடக்கலாம், ஒரு மைல் தள்ளியும் கிடக்கலாம். நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

கரடி இருக்கும் பகுதியில் கரடிக்கான பெப்பர் ஸ்ப்ரே இடுப்பில் இருக்கட்டும், பைக்குள் வேண்டாம்.

கேள்வி (சியாட்டில்): எலி கொம்பைத் தின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. எலி, அணில், முள்ளம்பன்றி எல்லாம் கால்சியத்துக்கும் பாஸ்பரஸுக்கும் கொறிக்கும். முனைகளில் உளி வைத்து இழைத்ததுபோல ஜோடி ஜோடியாகக் கோடு இருந்தால் அது பல் தடம். சில வருஷம் கிடந்தால் சில சமயம் பாதிதான் மிஞ்சும்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): விலை என்ன போகிறது?

இந்த வருஷம் (2023) புதுப் பழுப்பு எல்க் கொம்பு பவுண்டுக்குப் பதினைந்து டாலரை ஒட்டிப் போனது. வெளுத்தது அதைவிடக் குறைவு. சுண்ணாம்பாகப் பொரிந்தது சில டாலர்தான். நாய் கடிக்கும் துண்டு, விளக்கு, கத்திப்பிடி என்று போகிறது. விற்பதற்காகவே கிளம்புகிறவர்கள் இந்த வருஷம் பெட்ரோல் காசைக்கூட எடுத்திருக்க மாட்டார்கள்.

கேள்வி (போகாடெல்லோ): மண்டையோடு சேர்ந்த கொம்பு ஒன்று பார்த்தோம். எடுக்கலாமா?

தொடாதீர்கள். ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்து, படம் எடுத்து, அந்தப் பகுதி கேம் வார்டனை (மாநில வனவிலங்கு அதிகாரி) கேளுங்கள். உதிர்ந்த கொம்புக்கும் செத்த மிருகத்தின் தலைக்கும் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு.

லபார்ஜுக்கு மேற்கே நானும் ஒன்றைப் பார்த்தேன். ஜூனிபர் அடியில் கால்களை மடக்கி, தலையை வயிற்றுப் பக்கம் திருப்பிப் படுத்த வாக்கிலேயே செத்திருந்தது. பக்கத்துக்கு நாலு முனை, நல்ல அகலம். நரி ஏற்கெனவே வந்து போயிருந்தது, தொடை எலும்பு ஒன்று உடைந்து கிடந்தது. நல்ல உடம்புள்ள மானின் மஜ்ஜை வெண்ணெய் மாதிரி வெள்ளையாகக் கெட்டியாக இருக்கும். இது சிவப்பாக, ஜெல்லி மாதிரி தளதளவென்று இருந்தது. மற்ற கொழுப்பெல்லாம் தீர்ந்த பிறகு உடம்பு கடைசியாகக் கைவைப்பது மஜ்ஜையில்தான். நான் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, இடத்தை வார்டனுக்குச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கேள்வி (பைன்டேல் வழியாகப் போனவர்): அங்கே ப்ராங்ஹார்ன் (மான் மாதிரியான விலங்கு) நிறையச் செத்துக் கிடந்தன. அதுவும் பனியாலா?

பனி பாதி, நோய் பாதி. மைக்கோப்ளாஸ்மா போவிஸ் என்ற பாக்டீரியா நுரையீரலைத் தாக்கியது. பட்டினியோடு அதுவும் சேர்ந்துகொண்டது.

கேள்வி (ஜாக்சனுக்குச் சுற்றுலா போகிறவர்): அங்கே எல்க் சரணாலயத்தில் கொம்பு எடுக்கலாமா?

முடியாது. 1912-இல் அமைந்த அந்த எல்க் சரணாலயத்துக்குள் அனுமதியோடு எடுப்பது சாரணர் சிறுவர்கள் மட்டும். மே மாதம் ஊர்ச் சதுக்கத்தில் ஏலம் விடுவார்கள், வருமானத்தில் பெரும்பங்கு சரணாலயத்துக்கே திரும்புகிறது. அதே சதுக்கத்தில் நாலு மூலையிலும் கொம்பு வளைவுகள் இருக்கின்றன, குழந்தைகளோடு போய்ப் பாருங்கள். யெல்லோஸ்டோன் போன்ற தேசியப் பூங்காக்களிலும் எடுப்பது குற்றம்.

கேள்வி (நியூ ஜெர்சி): அப்பாவுக்குச் சென்னை வீட்டில் மாட்ட ஒன்று கொண்டுபோகலாம் என்று ஆசை.

வேண்டாம். வனவிலங்கின் பாகங்களைப் பெட்டியில் வைத்து இந்தியாவுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஊரில் தானாக உதிர்ந்த கொம்பைக்கூட எடுக்கவோ விற்கவோ முடியாது. நான் படித்த காலத்தில் சென்னை ஐஐடி வளாகத்துக்குள் புள்ளிமான் திரியும். விடுதிக்குப் பின்னால் ஒரு கொம்பு கிடந்ததைப் பார்த்து எடுக்கக் குனிந்தேன். காவலாளி ஐயா ஓடி வந்து, 'அது அங்கேயே கிடக்கட்டும் தம்பி' என்றார். எனக்கு இந்தப் பித்து தொடங்கியது அன்றைக்குத்தான். புள்ளிமானுக்கு இங்கே மாதிரி ஒரே பருவம் கிடையாது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதத்தில் உதிர்க்கும். அதே வளாகத்து வெளிமானின் முறுக்குக் கொம்போ மாட்டுக் கொம்பு மாதிரி, விழவே விழாது.

அப்பாவுக்கு நல்ல படம் ஒன்று எடுத்து ஃபிரேம் போட்டுக் கொடுங்கள்.

கேள்வி (டென்வர், முதலில் கேட்டவரே): அடுத்த வருஷமாவது தேறுமா அண்ணா?

எல்க்குக்குத் தேறலாம். லபார்ஜ் பக்கத்து மானுக்குத் தேறாது. இந்த வசந்தத்தில் நாம் எடுத்த கொம்புகளில் சில, விழுந்த பிறகு செத்துப்போன மான்களுடையவை. அந்த மான்கள் இனி கொம்பு போடப்போவதில்லை. 2022-இல் பிறந்த ஆண் குட்டிகள் இந்த இலையுதிர் காலத்தில் முதல் கொம்போடு நிற்க வேண்டும், அந்த வயசுக்கூட்டமே இல்லை. மியூல் டியர் முழுக் கொம்பு போட ஐந்தாறு வயசாகும், அதனால் இந்த ஓட்டை பல வருஷம் நம் கண்ணில் படும். தப்பித்த பெட்டைகளும் நலிந்துபோய் இருப்பதால் குட்டிகள் எடை குறைவாகத்தான் பிறக்கும்.

நம் மாதிரி வெளிமாநிலத்தவருக்கு இன்னொரு செய்தி. 2024 முதல் அங்கே கொம்பு எடுக்கத் தொடங்கும் நாள் வயோமிங்வாசிகளுக்கு மே 1, நமக்கு மே 8. கன்சர்வேஷன் ஸ்டாம்ப் என்கிற கட்டணச் சீட்டும் வாங்க வேண்டும். வாங்கிவிடுங்கள், அந்தக் காசு வனவிலங்குகளுக்காகத்தான்.

நான் அடுத்த வசந்தத்தில் லபார்ஜ் சரிவுகளுக்குப் போகவில்லை. இந்த ஆகஸ்டில் கிரேஸ் ஆற்றுப் பக்கம், மான்கள் கோடையைக் கழிக்கும் உயரத்துக்கு, பைனாகுலர் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறேன். எத்தனை பெட்டைகளின் பின்னால் குட்டி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். எண்ணியதை வந்து சொல்கிறேன்.