மானுவலில் இஃப் எங்கே, வென் எங்கே?

கம்பெனி மானுவலை இங்கிலீஷில் எழுதும்போது 'இஃப்' போட்டால் என்ன, 'வென்' போட்டால் என்ன, ரெண்டும் ஒன்றுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்று கிடையாது. நடக்குமா நடக்காதா என்பதே தெரியாது என்றால் இஃப். நடக்கத்தான் போகிறது, எப்போது என்பதுதான் பாக்கி என்றால் வென்.

நான் ராணிப்பேட்டை பக்கம் டேனரிகளுக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைகளுக்கு, மானுவல் எழுதிக் கொடுக்கிறவன், அதனால் உதாரணமும் அங்கிருந்துதான் வரும். தோலைப் போட்டுச் சுற்றும் டிரம் ஓடி நிற்பது அன்றாடம் நடப்பது, "வென் தி டிரம் ஸ்டாப்ஸ்" சரி. பெல்ட் அறுவது அப்படியில்லை. அதற்கும் வென் போட்டால், இங்கே பெல்ட் அறுவது சகஜம்போல என்று புதிதாக வந்த பையன் நினைத்துக்கொள்வான்.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் 'அன்லெஸ்' மேல்தான். முடி நீக்கும் சுண்ணாம்புத் தண்ணீரில் சோடியம் சல்ஃபைடு இருக்கும், தோலை ஆசிட்டில் ஊறவைக்கும் பிக்கிள் டிரம்மிலிருந்து வருவது ஆசிட் தண்ணீர். ரெண்டும் ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அளவு கூடினால் மூக்குக்கு வாசனையே தெரியாமல் போய் ஆளைச் சாய்த்துவிடும். அந்த இடத்துக்கு எழுதியிருந்த ஒரு டிராஃப்ட் என்னிடம் திருத்த வந்தது: "டு நாட் டிரெயின் தி பிக்கிள் டிரம் அன்லெஸ் தி லைம் பிட் இஸ் நாட் எம்ப்டி." நிதானமாகப் படித்துப் பாருங்கள், சுண்ணாம்புத் தொட்டி காலியாக இல்லாதபோதுதான் ஆசிட்டைத் திறக்கச் சொல்கிறது! அன்லெஸ்ஸுக்குள்ளேயே ஒரு 'இல்லை' இருக்கிறது, அதற்குப் பின்னால் இன்னொரு நாட் வந்ததும் எல்லாம் தலைகீழ். "இஃப் தி லைம் பிட் இஸ் நாட் எம்ப்டி, டு நாட் டிரெயின் தி பிக்கிள் டிரம்" என்று மாற்றினேன். நிபந்தனை முன்னால், வேலை பின்னால். வால்வில் கை வைத்த பிறகு நிபந்தனையைப் படித்து என்ன பயன்?

'இன் கேஸ்' நம்ம ஊரில் இஃப் மாதிரியே ஓடுகிறது. "வேர் கிளவ்ஸ் இன் கேஸ் ஆசிட் ஸ்பில்ஸ்" என்றால் சிந்துவதற்கு முன்பே போட்டுக்கொள் என்று அர்த்தம், இஃப் போட்டால் சிந்தின பிறகு. கிளவ்ஸ் விஷயத்தில் இது சின்ன வித்தியாசமா என்ன?

"ஷுட் (should) தி அலாரம் சவுண்ட்" என்று ஆரம்பிக்கிற ஸ்டைலும் வேண்டாம். அங்கே ஷுட் என்பது இஃப்தான், ஆனால் படிப்பவர் கட்டளை என்று எடுத்துக்கொள்வார். சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இன்னும் சிக்கல், 1997-ல் வந்த ஆர்எஃப்சி 2119 என்ற இன்டர்நெட் விதிமுறை ஆவணம் அந்த வார்த்தைக்குத் தனி அர்த்தமே கொடுத்து வைத்திருக்கிறது, தக்க காரணம் இருந்தால் மீறலாம் என்று.

அப்புறம் 'வெதர்' (whether). "டெல் தி சூப்பர்வைசர் இஃப் தி பம்ப் இஸ் ரன்னிங்" என்று எழுதியிருந்தால், பம்ப் ஓடினால் மட்டும் சொல்வதா, ஓடுகிறதா இல்லையா என்று எப்படியிருந்தாலும் போய்ச் சொல்வதா? ரெண்டாவதுதான் வேண்டும் என்றால் அங்கே வெதர் போடுங்கள்.