‘டஃப்’ என்றால் கடினமா?

வணக்கம்.

மொழிபெயர்ப்பு பழகி வருகிறேன். ‘டஃப்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி ‘கடினமான’ என்கிறது. ‘ஹார்ட்’ என்பதற்கும் அதுவே இருக்கிறது. தேர்வும் டஃப், இறைச்சியும் டஃப், ஆளும் டஃப். எல்லா இடத்திலும் ‘கடினம்’ என்றே எழுதிவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

கூடாது. தேர்வுக்கு அது பொருந்தும். ‘கடினமான இறைச்சி’ என்று எழுதினால் ஐஸ்பெட்டியில் உறைந்து கிடக்கும் துண்டுதான் நினைவுக்கு வரும். டஃபான இறைச்சி மென்றாலும் பிய்யாமல் நார்நாராக இழுப்பது.

ஹார்டையும் டஃபையும் தெளிவாகப் பிரித்து வைத்திருப்பவர்கள் பொருளறிவியல்காரர்கள். எளிதில் கீறல் விழாதது ஹார்ட். அடியைத் தாங்கி உடையாமல் நிற்பது டஃப். கீறலைத் தாங்கும் திறனை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் வைரம் 10. ஆனாலும் அது இயல்பாகப் பிளவுபடும் திசையில் சுத்தியல் அடி விழுந்தால் பிளந்துவிடும். நெஃப்ரைட் என்ற ஜேட் வகைக் கல் அதே அளவுகோலில் 6-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. ஆனால் அதன் நுண்ணிய இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் விரிசல் நேராக ஓட வழியில்லை. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் அந்தக் கல்லில் வாய்ச்சி செய்து மரம் செதுக்கினார்கள்.

எஃகும் இந்தக் குணத்தை இழப்பதுண்டு. 1943 ஜனவரியில் ஒரு குளிர் இரவில், அமெரிக்காவின் போர்ட்லாந்தில் துறையோரம் அசையாமல் நின்றிருந்த ‘ஸ்கெனெக்டடி’ என்ற புதிய டேங்கர் கப்பல் கிட்டத்தட்ட இரண்டாகப் பிளந்தது. புயல் இல்லை, மோதல் இல்லை. அக்காலத்து எஃகு குளிரில் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். தகடுகளெல்லாம் பற்றவைக்கப்பட்டு ஒரே உடலாக இருந்ததால், தொடங்கிய விரிசலை வழியில் நிறுத்த எதுவும் இல்லை.

ஆளைச் சொல்லும்போதும் இதை மனத்தில் வையுங்கள். இழப்பை வாங்கிக்கொண்டு, குலைந்துபோகாமல் மறுநாள் வேலையைப் பார்ப்பவர் டஃப். அவர் அழுதிருக்கலாம், அதில் ஒன்றும் குறைந்துவிடாது. அழாத பிள்ளையை மட்டும் ‘டஃப்’ என்று புகழும் வழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. அங்கே நாம் மெச்சுவது வெறும் இறுக்கத்தை. ‘நெஞ்சுரம்’, ‘தாக்குப்பிடிப்பவர்’ என்று இடம் பார்த்து எழுதுங்கள்.

பெயர்ச்சொல்லாக வந்தால் முரடன், அடியாள். ‘டஃப் லக்’ வரும்போது மட்டும் யார் யாரிடம் சொல்கிறார் என்று பாருங்கள். நண்பர் சொன்னால் ‘அடடா, இப்படி ஆகிவிட்டதே’. ஆகாதவர் சொன்னால் ‘உன் தலையெழுத்து, அனுபவி’.