ஃபேனை அணைத்துவிட்டு ரெக்கார்டரைத் தொடுங்கள்: கொயர் ஒலிப்பதிவு கேள்வி பதில்

நாலு குரலில் (சொப்பிரானோ, ஆல்ட்டோ என்ற பெண்குரல்கள், டெனர், பாஸ் என்ற ஆண்குரல்கள்) பாடும் கொயர், கூடவே சின்ன ஆர்கெஸ்ட்ரா, இரண்டும் சேர்ந்து வேதக் கதையைப் பாடும் நீண்ட படைப்பான ஓரட்டோரியோ. இவற்றை ஆலயத்திலேயே வைத்துப் பதிவு செய்வது பற்றி நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கொயர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. டிராக் போட்டு, தனித்தனியாக ஹெட்ஃபோனில் கேட்டுப் பாடும் பாட்டு வேறு வேலை. அதை இங்கே சேர்க்கவில்லை.

தக்கலை, கொயர் லீடர்: அண்ணே, எங்க கொயர்ல 32 பேர். பார்ட்டுக்கு ரெண்டு வச்சு எட்டு மைக் வாடகைக்கு எடுக்கலாம்னு இருக்கோம். போதுமா?

அதிகம் தம்பி. இரண்டு போதும். அந்த இரண்டும் ஒரே மாடலாக இருக்கணும்.

எட்டு மைக் வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். சொப்பிரானோவின் குரல் அவர்கள் மைக்கில் மட்டும் விழாது. ஆல்ட்டோ மைக்கிலும் கொஞ்சம் பிந்தி விழும். ஒரு மீட்டர் தூர வித்தியாசத்துக்குச் சுமார் 3 மில்லிசெகண்ட் தாமதம். மிக்சரில் இரண்டையும் சேர்த்ததும் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று தின்றுவிடும், குழாய்க்குள் நின்று பாடுவது போலக் கேட்கும். அதற்கு மேல், மைக்குக்கு நேரே நிற்கிற இரண்டு பேருடைய குரல் தனியாகத் துருத்திக்கொண்டு வரும். 32 குரலும் ஒன்றாகக் கலப்பது ஆலயத்தின் காற்றில்தான். அந்தக் கலவையைப் பிடிப்பதுதான் மைக்கின் வேலை.

சிறிய டயஃப்ரம் கண்டென்சர் மைக், கார்டியாய்டு வகை (முன்பக்க ஒலியை அதிகமாகப் பிடிப்பது), ஒரு ஜோடி எடுங்கள். இரண்டையும் ஒரே பட்டியில் மாட்டி, தலைகளுக்கு நடுவே 17 செ.மீ. விட்டு, 110 டிகிரி விரியும்படி வெளிப்பக்கம் திருப்புங்கள். பிரெஞ்சு வானொலிக்காரர்களின் ஓ.ஆர்.டி.எஃப். முறை இது. இது சரியாகப் பிடிக்கும் அகலம் ஏறத்தாழ 96 டிகிரி. கணக்கு எளிது: கொயர் நிற்கும் அகலத்தை 2.2-ஆல் வகுத்தால் மைக் நிற்க வேண்டிய தூரம். 6 மீட்டர் அகலம் என்றால் முன்வரிசையிலிருந்து 2.7 மீட்டர். அதைவிடக் கிட்டே போனால் ஓரத்தில் நிற்பவர்கள் இடது, வலது ஸ்பீக்கரில் போய் ஒட்டிக்கொள்வார்கள். எட்டப் போனால் எல்லோரும் நடுவில் குவிந்துவிடுவார்கள்.

உயரம் 3 முதல் 3.5 மீட்டர். மைக் முகம் பின்வரிசையைப் பார்த்துச் சாய்ந்திருக்கணும். இதில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. சாதாரண ஸ்டாண்டில் ஆள் உயரத்துக்கு மைக் வைத்தால் முன்வரிசைப் பெண்குரல் மட்டும் கேட்கும், பின்னால் நிற்கும் பாஸ் காணாமல் போகும். உயர ஸ்டாண்ட் எடுங்கள். அடியில் மணல் மூட்டை கட்டாயம். கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபேண்டம் பவர் (மைக் கேபிள் வழியாகவே போகும் மின்சாரம்) வேண்டும், ரெக்கார்டரில் அதை ஆன் செய்தீர்களா என்று பாருங்கள்.

ஆண்கள் குறைவான கொயர் என்றால் டெனரையும் பாஸையும் பின்னால் தள்ளாதீர்கள். நடுவில் முன்னால் நிறுத்தி, இரண்டு பக்கமும் சொப்பிரானோ, ஆல்ட்டோ. ஹெட்ஃபோனில் கேட்டு ஏதாவது குறைந்தால் நாபைத் திருப்ப வேண்டாம், ஆளை நகர்த்துங்கள். ஒரு முழு மாலையை இதற்கே ஒதுக்கினாலும் நஷ்டமில்லை.

மார்த்தாண்டம், ஆல்ட்டோ: சார், பதிவுல எப்பவும் ஒரு 'ஊ'ங்குற இரைச்சல் கேக்குது. சாஃப்ட்வேர் வச்சு எடுத்தா குரலும் சேந்து போகுது.

சாஃப்ட்வேருக்கு முன்னால் ஆலயத்தைச் சுற்றி வாருங்கள் அக்கா. சீலிங் ஃபேன்தான் முதல் ஆள். மோட்டார் சத்தம் மட்டுமல்ல, இறக்கை தள்ளும் காற்று மைக் மேல் அலை அலையாக மோதும். அதை எந்த வடிகட்டியும் சுத்தமாக எடுக்காது. பதிவுக்கு 5 நிமிஷம் முன்பே அணையுங்கள், சுற்றி நிற்க நேரம் வேண்டும். அடுத்தது பழைய டியூப்லைட் சோக். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது 100 ஹெர்ட்ஸில் முனகும். எல்.இ.டி. பல்பு மட்டும் எரியட்டும். ஆலயத்தின் ஒலிபெருக்கி ஆம்ப்ளிஃபையரை, ஒலியைக் குறைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். ரெக்கார்டர் பேட்டரியில் ஓடட்டும்.

நேரம் இரவு 9-க்கு மேல். காகமும் பஸ்ஸும் அடங்கியிருக்கும். பக்கத்து ஊர்த் திருவிழா மைக் அடங்குமா என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸோ என்றால் மழையில் வேலை நடக்காது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அக்டோபர், நவம்பரில் கிறிஸ்துமஸ் ஆல்பம் எடுக்க உட்காருவது மழையோடு சூதாடுவது. பிப்ரவரி, மார்ச்சில் பதிவு செய்து வைத்துக்கொண்டு டிசம்பரில் வெளியிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

எல்லாம் அணைத்தபின் யாரும் அசையாமல் 30 வினாடி வெறும் அமைதியைப் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் இடைவெளிகளை நிரப்ப அது வேண்டும். முழு மௌனத்தை வைத்து ஒட்டினால் அந்த இடத்தில் பாட்டு செத்துப்போனது போலிருக்கும்.

குளச்சல், கீபோர்டு வாசிப்பவர்: எங்க ஆலயம் கடற்கரையிலயாக்கும். அலைச் சத்தத்துக்கு என்ன செய்ய?

கடல் பக்கத்துக் கதவு, ஜன்னலை அடைத்துவிட்டுப் பாருங்கள். மிஞ்சுவது பெரும்பாலும் கீழ்ஸ்தாயி உறுமல்தான். கொயர் மட்டும் என்றால் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டலாம். பாஸ் குரலின் கீழ் 'ஈ' 82 ஹெர்ட்ஸில் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. டபுள் பாஸ் இருந்தால் வெட்டாதீர்கள், அதன் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸ். ஆர்கனில் 16 அடி பெடல் ஸ்டாப் (காலால் வாசிக்கும் கீழ்ஸ்தாயி வரிசை) வாசித்தால் 33 வரைக்கும் போகும்.

நாகர்கோவில்: கருங்கல் சுவர், டைல்ஸ் தரை. எதிரொலியில் வார்த்தை புரியவே இல்லை. என்ன வழி?

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் நிறைந்திருக்கும்போது எதிரொலி குறைவாகவும், வெறும் ஆலயத்தில் அதிகமாகவும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆள் உடம்பும் துணியும்தான் ஒலியைக் குடிக்கின்றன. கொயருக்கும் மைக்குக்கும் நடுவிலுள்ள தரையில் ஜமக்காளம் விரியுங்கள். பெஞ்சுகள் மேல் கம்பளி, தடித்த துணி போடுங்கள். பின்சுவரிலிருந்து திரும்பி வரும் ஒலிதான் வார்த்தையை அதிகம் கெடுக்கும். அங்கே பந்தல்காரரின் கனத்த துணியை, சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் விட்டுத் தொங்கவிடுங்கள்.

அதன் பிறகும் போதவில்லை என்றால் மைக்கை அரை மீட்டர் கிட்டே கொண்டுபோங்கள், அகலக் கணக்குக்கு ஏற்ப கொயரையும் நெருக்கி, அரைவட்டமாக நிறுத்துங்கள். வேகமான கோரஸில் ஒவ்வொரு சுரத்தையும் கொஞ்சம் பிரித்துப் பாடச் சொல்லுங்கள். வரியின் கடைசியில் வரும் 'ம்', 'ன்', 'ர்' எல்லாரும் ஒரே அடியில் மூடணும். தமிழில் பாடும்போது அந்த மெய் சிதறினால் எதிரொலி அதை மூன்று மடங்காக்கிக் காட்டும்.

எதிரொலியே இல்லாமல் செய்துவிடாதீர்கள். கொஞ்சமாவது வேண்டும். பிறகு கம்ப்யூட்டரில் சேர்க்கலாம் என்பார்கள். காய்ந்த அறையில் பாடுகிற கொயர், ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்காமல், கத்தத் தொடங்கிவிடும். அந்தக் கத்தலை எதைப் போட்டும் மறைக்க முடியாது.

மயிலாடி, டெனர்: லெவல் எவ்வளவு வைக்கணும் அண்ணே? 'அல்லேலூயா' கோரஸ்ல ஒவ்வொரு தடவையும் கிழியுது.

பாட்டின் தொடக்கத்தை வைத்து லெவல் போடுகிறீர்கள், அதனால்தான். ஹாண்டெலின் 'மெசையா' ஓரட்டோரியோவில் வரும் அந்தக் கோரஸில் சொப்பிரானோ நீண்ட சுரங்களைப் பிடித்துக்கொண்டு டி-யிலிருந்து ஜி வரை படிப்படியாக ஏறுகிற இடம் இருக்கிறது. டிரம்பெட்டையும் சேர்த்து அந்த இடத்தை மட்டும் முழுச் சத்தத்தில் பாடச் சொல்லி, உச்சம் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலில் (0-தான் எல்லை) நிற்கும்படி வையுங்கள். ரிகர்சலில் பாடுவதைவிடப் பதிவில் சத்தம் ஏறும். அந்த 12 அதற்குத்தான். பிறகு நாபைத் தொடவே கூடாது.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். மணிக்குச் சுமார் 1 ஜிபி ஆகும். 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் கிடைத்தால் லெவல் கவலை பெரும்பாலும் தீரும், மைக்கே தாங்காத சத்தத்தைத் தவிர.

கருங்கல், டிரம்பெட்: ரெண்டு டிரம்பெட், நாலு வயலின், ஒரு செல்லோ, கீபோர்டு. எங்க உக்காரணும்?

டிரம்பெட்டின் ஒலி, அதன் மணி (அகன்ற வாய்) பார்க்கும் திசையில் கூராகப் போகும். மைக்கைப் பார்த்து வாசிக்காதீர்கள். கொயருக்குப் பின்னால் ஓரத்தில் நின்று, மணியைப் பக்கச் சுவர் பக்கம் திருப்பி வாசியுங்கள். வயலின் கொயருக்கு முன்னால், இடப்பக்கம். செல்லோ வலப்பக்கம், முன்னால். நாலு வயலின் கேட்கவில்லை என்றால் அவர்களுக்கு மட்டும் ஒரு துணை மைக் வைக்கலாம், ஆனால் மிக்ஸில் அதைத் தாமதப்படுத்துங்கள். பிரதான ஜோடியிலிருந்து அது 6 மீட்டர் தள்ளி இருந்தால், 30 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்கு 349 மீட்டர் போகும், ஆக 17 மில்லிசெகண்ட். அதன் ஒலி, தனித்துக் கேட்காத அளவுக்கு மட்டும்.

கீபோர்டை ஆலய ஸ்பீக்கரில் விடாதீர்கள். கேபிள் வழியாக நேராகத் தனி டிராக்கில் எடுங்கள். கொயர் சுருதிக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர், மிகக் குறைவான சத்தத்தில்.

சுருதி பற்றி ஒன்று. கீபோர்டின் 'ஏ' சுரம் எந்த வெயிலிலும் 440 ஹெர்ட்ஸிலேயே நிற்கும். ஃபேன் அணைந்து ஆலயம் சூடேற ஏற டிரம்பெட் சுருதி மேலே போகும், வயலின் தந்தி தளர்ந்து கீழே இறங்கும். 20 நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கீபோர்டின் 'ஏ'-க்கு எல்லோரும் சேர்க்கணும். அந்த இடைவெளியில் ஃபேனைப் போட்டுக்கொள்ளலாம்.

மார்த்தாண்டம்: மெசையா புதுப் பதிவை வச்சு பயிற்சி எடுக்கோம். கீபோர்டுல வாசிச்சா அரை சுரம் இடிக்குது. எங்க டோ-ரே-மி சோல்ஃபா புத்தகம் தப்பா?

புத்தகம் சரிதான். 1742-இல் டப்ளினில் முதலில் பாடப்பட்ட அந்த ஓரட்டோரியோவை அந்தக் காலத்து வாத்திய வகைகளோடு பதிவு செய்கிற குழுக்கள் பெரும்பாலும் 'ஏ'-யை 415 ஹெர்ட்ஸில் வைக்கும். இன்றைய 440-க்கு அது கிட்டத்தட்ட அரை சுரம் கீழே. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் மைனஸ் 1 போட்டால் சரியாகும். ஆனால் பதிவு நாளன்று 440-இல் பாடப்போகிறீர்கள் என்றால், அந்தச் சுகமான சுருதியில் பழகிய சொப்பிரானோ மேல் 'ஏ'-யில் திணறும். கடைசி மூன்று வாரமாவது 440-இல் பழகுங்கள்.

கேட்பதற்கென்றால்: கிறிஸ்டோபர் ஹாக்வுட் 1980-இல் வெளியிட்டதும், ஜான் பட் டனிடின் கான்சார்ட்டோடு 2006-இல் வெளியிட்ட டப்ளின் வடிவமும் சிறிய குழுவின் தெளிவுக்கு நல்ல பாடம். 30 பேர் கொயருக்கு இவைதான் உதவும். பீச்சமின் 1959 பதிவில் சிம்பலும் டிரையாங்கிளும் வரும். கேட்க ஆனந்தம், பின்பற்றினால் ஆபத்து.

தக்கலை: ஒரே மூச்சில் முழுசா பாடணுமா, துண்டு துண்டாவா?

முதலில் முழுதாக இரண்டு முறை. கேட்டுவிட்டு, தப்பிய இடங்களை மட்டும் 30, 40 பார் (தாளக் கட்டம்) கொண்ட துண்டுகளாக. ஒவ்வொரு துண்டையும் வேண்டிய இடத்துக்கு இரண்டு பார் முன்பே தொடங்கி, இரண்டு பார் தாண்டி நிறுத்துங்கள். அப்போதுதான் முந்தைய சுரத்தின் எதிரொலி வெட்டுக்குள் இருக்கும். ஒட்டுவது மெய்யெழுத்தின் மேல், அல்லது புதுக் குரல் நுழையும் அடியில். எதிரொலி அடங்கும் வாலில் ஒட்டினால் உடனே காட்டிக்கொடுக்கும்.

வாத்தியமில்லாமல் பாடும்போது கொயர் மெல்ல இறங்கும். முதல் டேக்கும் ஐந்தாவது டேக்கும் கால் சுரம் விலகிவிட்டால் இரண்டையும் ஒட்டவே முடியாது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் கீபோர்டில் சுருதி, மெட்ரோனோமில் வேகம், இரண்டையும் கொடுங்கள். ஸ்கோரில் பென்சிலோடு ஒருவர் உட்கார்ந்து எந்த டேக்கில் எந்த பார் நன்று என்று குறிக்கணும். அந்த ஆள் பாடக்கூடாது. ஸ்கோரைத் திருப்பும் சத்தமும் பதிவாகும். தாள்களைத் தனித்தனியாக்கி அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

குளச்சல்: மொபைல்ல எடுத்தா போதாதா?

பயிற்சிக்குப் போதும். சாதாரண ரெக்கார்டிங் ஆப் மெல்லிய இடத்தைத் தானே ஏற்றி, உரத்த இடத்தைத் தானே இறக்கிவிடும். பாட்டின் ஏற்ற இறக்கம் அதோடு போச்சு.

நாகர்கோவில்: யூடியூப்ல போட்டா மத்த பாட்டைவிட சத்தம் குறைவா கேக்குதே?

யூடியூப் சுமார் மைனஸ் 14 லஃப்ஸுக்கு (பாட்டின் ஒட்டுமொத்தச் சத்த அளவு) மேல் இருப்பதைக் குறைக்கும். கீழே இருப்பதை ஏற்றாது. கொயர் பதிவு இயல்பாகவே மைனஸ் 20-ஐ ஒட்டி இருக்கும். மைனஸ் 18 வரை கொண்டுவரலாம், உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல். அதற்கு மேல் கம்ப்ரஸர் போட்டு நசுக்க வேண்டாம். கேட்பவர் வால்யூமை ஏற்றிக்கொள்ளட்டும். ஸ்பாட்டிஃபை போன்றவற்றுக்கு அனுப்பும்போது இசையமைப்பாளர் பெயரை அதற்குரிய கட்டத்தில் போடுங்கள். கொயர், ஆர்கெஸ்ட்ரா, நடத்துனர் தனித்தனியாக. பலர் எல்லாவற்றையும் தலைப்பில் திணிக்கிறார்கள், பிறகு தேடினால் கிடைக்காது.

மயிலாடி: ஆலயத்துல பாடுற பாட்டுதானே, காப்புரிமை வருமா?

ஆராதனையில் பாடுவதற்கு 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆல்பமாக வெளியிட அந்த விலக்கு உதவாது. இந்தியாவில் உரிமை எழுதியவரின் ஆயுளும் அதன் பின் 60 ஆண்டும். ஹாண்டெல், பாக் இருவருக்கும் பிரச்சினை இல்லை. ஆனால் தமிழ் மொழிபெயர்ப்புக்கும், புதிய அரேஞ்ச்மென்டுக்கும் தனி உரிமை உண்டு. எழுதியவரிடமோ குடும்பத்தாரிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அடுத்தவர் பதிவிலிருந்து ஆர்கெஸ்ட்ராவை எடுத்து அதன்மேல் பாடுவது கூடவே கூடாது.

கருங்கல்: சொந்தமா மைக் வாங்கினா எப்படிப் பாதுகாக்க?

உப்புக்காற்றும் ஈரமும் கண்டென்சருக்கு எதிரி. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், மாதம் ஒருமுறை ஜெல்லை மாற்றுங்கள் அல்லது சூடாக்கி உலர்த்துங்கள். பதிவின் நடுவே 'பட் பட்' என்று வெடித்தால் அது ஈரம். மைக்கைக் கழற்றி டப்பாவில் ஒரு நாள் போட்டுவிட்டுப் பாருங்கள். தலையை ஊதித் துடைக்க வேண்டாம்.