எட்டுக் கிலோவோடு நின்றுபோன எடை: மூட்டுத் தேய்மானம் உள்ளவர் என்ன செய்யலாம்?

கேள்வி: எனக்கு 52 வயது. களியக்காவிளைப் பக்கம் ஒரு கிராமம். உயரம் 152 செ.மீ. இரண்டு முழங்காலிலும் தேய்மானம்; படி ஏறக் கூடாது, குத்தவைத்து உட்காரக் கூடாது, ரொம்ப நடக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும், தைராய்டுக்கு ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி தினமும் அரை மணி நேரம் கை கால் பயிற்சி செய்கிறேன். சோற்றையும் குறைத்தேன். 5 மாதத்தில் 86 கிலோவிலிருந்து 78-க்கு வந்துவிட்டேன். ஆனால் 7 வாரமாக எடை அப்படியே நிற்கிறது. வலியைப் பொறுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கட்டுமா? இல்லை, இரவுச் சாப்பாட்டை விட்டுவிடட்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம், சகோதரி.

இரவுச் சாப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் ஆபத்து இருக்கிறது. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வெறும் வயிற்றோடு படுத்தால் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிவிடலாம். 8 கிலோ குறைந்த உடம்புக்குப் பழைய அளவு மாத்திரையே இப்போது அதிகமாகக்கூட இருக்கலாம். காலை வெறும் வயிற்றிலும் இரவு சாப்பாட்டுக்கு முன்பும் ஒரு வாரம் சர்க்கரை பார்த்து எழுதி, அந்தத் தாளோடு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அடிக்கடி இப்படித் தாழ்ந்தால் பசி கூடும், பயத்தில் சாப்பாடும் கூடும். எடை நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி நடை. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது. 8 கிலோவுக்கு, அடிக்கு 32 கிலோ. 5 மாதம் பாடுபட்டு மூட்டுக்கு வாங்கிக் கொடுத்த இந்த நிம்மதியை, வலியோடு நடந்து வீக்கம் வரவழைத்துத் தொலைத்துவிடாதீர்கள்.

எடை ஏன் நின்றது? உங்கள் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். 86 கிலோவில் இருந்தபோது, சும்மா படுத்திருந்தாலும் உங்கள் உடம்புக்கு நாளொன்றுக்குச் சுமார் 1390 கலோரி தேவைப்பட்டது. 78-ல் அது 1310. வீட்டு வேலை, நடமாட்டம் சேர்த்தால் வித்தியாசம் 100 கலோரிக்கு மேல் போகும். இதற்கும் மேலாக, எடை குறையும்போது உடம்பு செலவைச் சுருக்கிக்கொள்ளும். நம்மை அறியாமல் அசைவும் குறையும். முன்பு நாலு தடவை அடுக்களைக்குப் போனவர் இரண்டு தடவையில் முடித்துவிடுவார். இது உங்கள் தவறல்ல. 86 கிலோ உடம்பை இளைக்க வைத்த சாப்பாடு, 78 கிலோ உடம்புக்கு நிறுத்திப் பிடிக்கும் சாப்பாடாகிவிட்டது.

அந்த 100 கலோரியைப் பயிற்சியிலேயே எடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் நாற்காலியில் அரை மணி நேரம் பயிற்சி செய்தால், சும்மா இருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது ஏறக்குறைய 60 கலோரிதான். அரை மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் இருப்பதும் அவ்வளவே. பயிற்சியை விடச் சொல்லவில்லை; அது தசையைக் காக்கிறது, சர்க்கரையை இறக்குகிறது, மூட்டைத் தாங்குகிறது. எடையின் கணக்கு மட்டும் அடுக்களையில்தான் தீரும்.

நம் அடுக்களையில் கலோரி ஒளிந்திருக்கும் இடம் தேங்காய். அவியல், தீயல், துவரன், மீன் குழம்பு, புட்டு எல்லாவற்றிலும் அது இருக்கிறது. சோற்றைக் குறைத்தவர்கள்கூடக் கறியைத் தாராளமாக வைத்துக்கொள்வார்கள், அதில் எவ்வளவு தேங்காய் அரைத்தது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. 100 கிராம் தேங்காய்த் துருவலில் சுமார் 350 கலோரி. அரைமூடித் துருவல் 120 கிராம் இருந்தால் 420. தேங்காயை விட்டுவிடுங்கள் என்று சொன்னால் ஒரு வாரத்துக்குமேல் தாங்காது, தெரியும். வீட்டில் ஒரு சமையல் தராசு வாங்கி வையுங்கள். உங்கள் பங்குக்கு ஒரு நாளைக்கு 25 கிராம் துருவல். ஒரு நேரத்துக்கு ஒரு தேங்காய்க் கறி போதும்: மதியம் தீயல் என்றால் துவரனுக்குத் தேங்காய் வேண்டாம், கடுகு தாளித்து எடுங்கள். எண்ணெய் 3 தேக்கரண்டி, அதாவது உங்கள் ஒருவருக்கு மாதம் அரை லிட்டருக்குள்.

மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சோறும் ஒரே நேரத்தில் வேண்டாம். கிழங்கு சாப்பிடும் நாளில் அதுவே சோறு. 150 கிராமோடு நிறுத்தி, மீனைக் கூட்டிக்கொள்ளுங்கள். சம்பா அரிசி என்பதற்காக அளவு கூடலாம் என்றில்லை. அதில் நார் கொஞ்சம் கூடுதல், கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். ஏத்தங்காய் வற்றல் 100 கிராமில் 500 கலோரிக்கு மேல். ஊரிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைக்காதீர்கள்.

அதற்குப் பதில் புரதத்தைக் கூட்டுங்கள். சிறுநீரகச் சோதனை, கிரியாட்டினின் உட்பட, சரியாக இருந்தால் நாளொன்றுக்கு 65 கிராம் வரை போகலாம். 100 கிராம் சாளை மீனில் சுமார் 20 கிராம், ஒரு முட்டையில் 6, வேகவைத்த ஒரு கப் சிறுபயறில் 14. கஞ்சியும் பயறும் சாப்பிடும் பழக்கம் நல்ல பழக்கம்தான்; கஞ்சி அரைப் பங்காகவும் பயறு இரண்டு பங்காகவும் இருக்கட்டும். மீனைக் குழம்பாகவோ, தோசைக்கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெயிலோ செய்யுங்கள். பொரித்தால் மீனின் லாபம் எண்ணெயில் போய்விடும். கருவாடு சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ கூடிக் காட்டினால் அது கொழுப்பு அல்ல, உப்பு பிடித்துவைத்த தண்ணீர்.

பயிற்சிக்கு வருவோம். 5 மாதமாக ஒரே அளவில் செய்தால் உடம்புக்கு அது பழகிவிடும், தசை மேற்கொண்டு வளராது. நேரத்தைக் கூட்டாமல் பாரத்தைக் கூட்டுங்கள். வாரம் 3 நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு விட்டு இதைச் செய்யுங்கள்.

சுவரோடு ஒட்டிய நாற்காலியில் தலையணை போட்டு, உட்காரும் உயரத்தை 50 செ.மீ. அளவுக்குக் கொண்டுவாருங்கள். கைப்பிடியைப் பிடித்து எழுந்து, மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக உட்காருங்கள். 8 தடவை, பிறகு ஓய்வு, இப்படி மூன்று சுற்று. 15 தடவை சுலபமானதும் தலையணையின் தடிமனைக் குறையுங்கள். கட்டிலில் படுத்து, ஒரு காலை மடக்கி, மற்றதை நேராக 30 செ.மீ. தூக்கி 5 எண்ணுங்கள். 10 தடவை சுலபமானதும் அரைக்கிலோ மணலைத் துணிப்பையில் போட்டுக் கணுக்காலில் கட்டுங்கள். சுவரில் கை ஊன்றித் தள்ளும் பயிற்சியும், ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டை கட்டி மார்புப் பக்கம் இழுக்கும் பயிற்சியும் மேலுடம்புக்கு. தேங்காய் எண்ணெய் தொட்ட கையால் அந்தப் பட்டையைப் பிடிக்காதீர்கள், ரப்பர் வெடித்து இழுக்கும்போது அறுந்து முகத்தில் அடிக்கும். எதிலும் மூச்சைப் பிடிக்கக் கூடாது. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

மற்ற நாட்களில் உட்கார்ந்தபடி கைகளை முன்னால் மாறி மாறிக் குத்துவதுபோல வீசுங்கள். ஒரு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் மெதுவாக, 10 தடவை. ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகம் சரி என்பதற்கு அதுவே அடையாளம். இதையே சாப்பிட்டபின் 10 நிமிடமாகப் பிரித்துச் செய்தால் சர்க்கரைக்கு இன்னும் நல்லது.

வலிக்கும் ஒரு வரம்பு உண்டு. 10-க்கு 4 வரை தாங்கலாம். மறுநாள் காலையில் முட்டி வீங்கியிருந்தாலோ, முந்தின நாளைவிட வலி கூடியிருந்தாலோ, பாரம் அதிகம் என்று அர்த்தம்; இரண்டு நாள் ஓய்வு, பிறகு பாதி அளவில் தொடங்குங்கள்.

நடக்கத்தான் வேண்டும் என்று ஆசை இருந்தால் தண்ணீரில் நடக்கலாம். மார்பளவுத் தண்ணீரில் உடம்பின் பாரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே காலில் விழும். குளோரின் போட்ட நீச்சல்குளம் கிடைத்தால் 15 நிமிடம் போதும். ஊர்க்குளத்தை நான் சொல்ல மாட்டேன். பாசி பிடித்த படியில் வழுக்கினால் இடுப்பு முறியும். சர்க்கரை உள்ளவருக்குக் காலில் சின்னப் புண் இருந்தாலும் எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியே ஏறும். தேங்கிய நன்னீர் மூக்குக்குள் போய் வரும் அமீபா மூளைக்காய்ச்சல் அண்மை ஆண்டுகளில் பக்கத்துக் கேரளத்தில் உயிர்களைப் பறித்திருக்கிறது.

மருந்துகளையும் ஒருமுறை சரிபாருங்கள். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட்டு, காப்பிக்கு 30 முதல் 60 நிமிடம் இடைவெளி விடுங்கள். மூட்டுக்குக் கால்சியம் சாப்பிட்டால் 4 மணி நேர இடைவெளி. தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை (டி.எஸ்.எச்.) பார்த்து 6 மாதத்துக்கு மேலாகியிருந்தால் மறுபடி பாருங்கள். மூட்டு வலிக்கு பிரிகாபலின், கேபாபென்டின், அமிட்ரிப்டிலின் தருகிறார்களா என்று சீட்டைப் பாருங்கள், இவை எடையைக் கூட்டலாம். பெயர் ஒட்டாத பொடியோ மாத்திரையோ சாப்பிட்டு, வலி ஒரே நாளில் போய் முகம் ஊதத் தொடங்கினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். அதைத் திடீரென்று நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

எடையை வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலையில் கழிவறை போய்வந்து, எதுவும் குடிக்குமுன் பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சை விட்ட நிலையில் சுற்றளவையும் குறியுங்கள். பயிற்சியில் பாரம் கூட்டிய முதல் இரண்டு வாரம் தசை தண்ணீர் பிடிக்கும். எடை கூடினாலும் பதறாதீர்கள். உங்கள் சாப்பாட்டில் தினம் 200 கலோரி குறைந்தால் மாதம் முக்கால் கிலோதான் இறங்கும். மெதுவாகத் தெரியும், ஆனால் முட்டிக்கு அது அடிக்கு 3 கிலோ.

6 வாரம் இப்படிச் செய்தும் எடையும் இடுப்பளவும் இரண்டுமே அசையாவிட்டால், எழுதிவைத்த தாள்களோடு உட்சுரப்பியல் மருத்துவரைப் பாருங்கள். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கிளிமிபிரைடுக்குப் பதிலாக எடை கூட்டாத சர்க்கரை மருந்தும், தேவையானால் செமாக்ளுடைடு போன்ற ஊசியும் உண்டு. செமாக்ளுடைடு எடையோடு முழங்கால் வலியையும் குறைக்கிறது என்று 2024-ல் வெளியான ஆய்வு காட்டியது. உங்கள் உயரத்துக்கு பி.எம்.ஐ. (உயரத்தையும் எடையையும் ஒப்பிடும் குறியீட்டெண்) 34-ஐ ஒட்டி இருப்பதால் அதைப் பற்றிக் கேட்க உங்களுக்குக் காரணம் இருக்கிறது.