கழிச்சல் வாடையை வைத்துக் கிருமியைச் சொல்ல முடியுமா?

கேள்வி: எங்கள் கலப்பினப் பசுவின் கன்றுக்குப் பத்து நாள் வயது. நேற்று முதல் மஞ்சளாகக் கழிகிறது, நாற்றம் தாங்க முடியவில்லை. வாடையை வைத்தே கிருமியைச் சொல்லிவிடலாம் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். போன கன்றுக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரை மீதி இருக்கிறது. கொடுக்கலாமா?

பதில்: மாத்திரை இருக்கட்டும். முதலில் கன்றின் கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பாருங்கள். தோல் உடனே படியாமல் மடிப்பாகவே நின்றாலோ, கண் குழி விழுந்திருந்தாலோ உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். கழிச்சலில் கன்று சாவது பெரும்பாலும் இதனால்தான். ஓ.ஆர்.எஸ். கரைசலை வெதுவெதுப்பாக நாளுக்கு மூன்று நான்கு தடவை கொடுங்கள். பாலை நிறுத்த வேண்டாம், இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடுங்கள். வாயில் விரல் வைத்தும் சப்பவில்லை, வாய் சில்லென்று இருக்கிறது என்றால் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும். மருத்துவரை உடனே கூப்பிடுங்கள்.

வாடை விஷயத்தில் பக்கத்துக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. குடல் பாக்டீரியாக்கள் புரதச் சத்தை உடைக்கும்போது ஆவியாகும் பொருட்களை வெளிவிடுகின்றன. ஈ.கோலை என்ற பாக்டீரியா இண்டோல் என்ற நாற்றப் பொருளை விடும். சால்மொனெல்லா என்ற இன்னொரு பாக்டீரியா விடுவது அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு. ஆய்வகத்திலும் இந்தக் குணம் உதவுகிறது. கிருமி வளர்த்த குழாயில் இண்டோலைக் காட்டித் தரும் கோவாக்ஸ் திரவத்தைச் சொட்டினால் ஈ.கோலைக்கு மேலே சிவப்பு வளையம் கட்டும். இரும்பு உப்பு சேர்த்த, கிருமி வளர்க்கும் ஊடகத்தைச் சால்மொனெல்லா கறுப்பாக்கிவிடும். ஆம்ஸ்டர்டாமில் கிளிஃப் என்ற பீகிள் நாயைப் பழக்கி, குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியா தொற்றிய 30 நோயாளிகளில் 25 பேரை மோப்பத்தாலேயே கண்டுபிடித்தார்கள். 2012இல் வெளியான ஆய்வு அது.

ஆனால் நம் மூக்கை நம்பி மருந்து கொடுக்க முடியாது. நோய் தரும் ஈ.கோலையும், குடலில் சாதுவாக வாழும் ஈ.கோலையும் விடுவது அதே இண்டோல்தான். செரிக்காத பால் குடலில் புளித்தாலே நாறும். அதோடு, நோய் தரும் ஈ.கோலை பெரும்பாலும் பிறந்த முதல் சில நாட்களில் தாக்குவது. பத்து நாள் கன்றில் ரோட்டா வைரஸையும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியையும்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். உங்களிடம் உள்ள மாத்திரை இவற்றை ஒன்றும் செய்யாது.

எந்த மருந்தும் கொடுப்பதற்கு முன், கையுறை போட்டு, ஆசனவாயிலிருந்தே சாணத்தைச் சுத்தமான டப்பாவில் எடுங்கள். தரையில் விழுந்தது வேண்டாம். ஐஸ் வைத்து அன்றைக்கே உங்கள் மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவில் சேர்த்துவிடுங்கள். சாணத்தில் ரத்தமும் சளியும் கலந்து காய்ச்சலும் இருந்தால் சால்மொனெல்லாவாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். மற்ற கன்றுகளிடமிருந்து இதைப் பிரித்துக் கட்டுங்கள், வீட்டுக் குழந்தைகளைக் கொட்டகைப் பக்கம் விடாதீர்கள்.